கசப்பை இழந்த மரம்

ஆதன் தன் மனைவி செள்ளையைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கஷாயக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன இது, கசக்கவே இல்லையே. என் மேல இரக்கப்பட்டு வெல்லம் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போடல. மரம் இப்ப அப்படித்தான். நாம செய்யுற உபசாரத்துல அதுக்கு மனசு இளகியிருக்கு. பேசாம குடி" என்றான் ஆதன்.

அவள் குடித்தாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவன் வேலைக்குப் போய்விட்டான். வெயில் உச்சிக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கூப்பிட்டார். ஆதன் போய்ச் சேர்ந்தபோது செள்ளை இல்லை.

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஒவ்வொரு அரசனும் ஒரு மரத்தைத் தன் நாட்டுக்குக் காவல் என்று நம்பியிருந்த காலத்துக் கதை இது. அப்படிப்பட்ட மரத்துக்குக் காவல்மரம் என்று பெயர். அதன் அடியில்தான் முரசை வைப்பார்கள். பகைவன் வந்து அதில் ஒரு கிளையை ஒடித்துவிட்டால் நாட்டையே ஒடித்ததாக அர்த்தம்.

அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில், கல்லாற்று நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதைப் பெருஞ்சாத்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் நல்லவன். குடிகளிடம் அன்பு உள்ளவன். அன்பு வந்துவிட்டால் அளவு தெரியாதவன்.

அந்த நாட்டு மேய்ச்சல் மேட்டில் ஓர் ஏழிலைப்பாலை மரம் நின்றது. காம்பைச் சுற்றிக் குடை விரித்ததுபோல் ஏழேழு இலை வைக்கிற மரம். கீறினால் பால் வடியும். மழைக்காலம் பிறந்ததும் அந்த நாட்டில் குளிர்காய்ச்சல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அதற்கு அந்த மரத்தின் பட்டைதான் மருந்து. காய்ச்சல் கண்டவன் வீட்டார் போய், மரத்தின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை சீவிக்கொண்டு வருவார்கள். சுற்றிவர உரிக்க மாட்டார்கள். உரித்தால் மரம் செத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சிக் குடித்தால் காய்ச்சல் இறங்கிவிடும்.

ஆனால் அது கசக்கும். சாதாரணக் கசப்பு இல்லை. அந்தப் பேரைச் சொன்னாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். பெரியவர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார்கள். குடித்தவன் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வரும். அப்போது இவன் சிரிப்பான்.

அந்த மரத்துக்கு யாரும் மரியாதை செய்ததில்லை. ஆடுகள் அதன்மேல் உரசும். பிள்ளைகள் கிளையில் தொங்கும். கம்பளிப்பூச்சி இலையைச் சல்லடையாகத் துளைக்கும். கோடையில் மண் வெடித்து, அதன் வேர் வெளியே தெரியும். அது பாட்டுக்கு நின்றது.

ஒரு மழைக்காலத்தில் அரசன் பெருஞ்சாத்தனுக்கே குளிர்காய்ச்சல் வந்தது. அரண்மனை மருத்துவர் அதே பட்டையைத்தான் காய்ச்சிக் கொடுத்தார். அரசன் பிழைத்தான். பிழைத்து எழுந்ததும் முதலில் என்ன சொன்னான் தெரியுமா?

"என் உயிரைக் காத்த மரம் ஆடு உரச நிற்பதா? இன்றுமுதல் அதுதான் இந்த நாட்டின் காவல்மரம்."

பட்டுப்போன பழைய காவல்மரத்தடியிலிருந்து முரசு மேட்டுக்குப் போனது. அரண்மனைப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆதனைக் கூப்பிட்டு, மரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவன் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று பேர் வாங்கியவன் அவன். செள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே உங்களை மரத்துக்கு மாப்பிள்ளைனு கூப்பிடப்போறாங்க" என்று கேலி செய்தாள்.

முதல் ஆண்டு, மரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கல்மதில் எழுந்தது. ஆடு உள்ளே போக முடியாது. பிள்ளைகள் ஏற முடியாது. பட்டை வேண்டுமென்றால் ஆதன்தான் சீவிக் கொடுக்க வேண்டும். நோயாளியைத் தவிர வேறு யாரும் அதை வாயில் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார்கள். மழை வந்தது. காய்ச்சல் வந்தது. வழக்கமாகப் பிழைக்கிறவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

"மரத்துக்கு ஏதோ மனக்குறை. வெறும் சுவரோடு நிறுத்திவிட்டோம் இல்லையா" என்று ஊர் பேசியது.

இரண்டாம் ஆண்டு, மலைச் சுனையிலிருந்து மரத்தடிக்குக் கால்வாய் வெட்டினார்கள். ஆதன் வண்டி வண்டியாக எரு கொட்டினான். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. இலைகள் கையகலம் ஆயின. பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மழை வந்தது. காய்ச்சல் வந்தது. இந்த முறை இன்னும் பலர் பிழைக்கவில்லை.

"சுவரும் தண்ணீரும் போதுமா? காவல்மரம் என்றால் சும்மாவா?" என்று ஊர் பேசியது.

மூன்றாம் ஆண்டு, ஆதன் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கம்பளிப்பூச்சியாகப் பொறுக்கினான். ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தான். மேற்கு வெயிலும் காற்றும் படாமல் பந்தல் போட்டான். பழைய வெட்டுக்காயங்களின் மேல் சந்தனம் குழைத்துப் பூசினான். மரம் மினுமினுவென்று நின்றது. பட்டை பட்டுப்போல் வழவழத்தது.

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் எல்லோரும் பெரிய அதிசயமாகப் பேசினார்கள். கஷாயத்தின் கசப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் அழாமல் குடித்தன. தாய்மார்கள் மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "மரம் இரங்கிவிட்டது" என்றார்கள். ஆதனும் அப்படித்தான் நம்பினான்.

அந்த மூன்றாம் ஆண்டு மழையில்தான் செள்ளை போனாள்.

அவள் போன பிறகும் ஆதன் மரத்துக்கு வந்துகொண்டிருந்தான். வீட்டில் இருக்க முடியவில்லை. இலையைத் துடைக்கும்போது கைக்கு வேலை இருந்தது. "உன்னால் முடிந்ததைத்தான் செய்தாய். நாம் இன்னும் என்ன குறை வைத்தோமோ" என்று மரத்திடம் பேசுவான். மரம் தளதளவென்று நிற்கும்.

அதே மழைக்காலம் முடிவதற்குள் அரசனின் ஒரே மகள் வேண்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. பால்பல் விழுந்து முளைக்கிற வயது. மருத்துவர் கஷாயம் கொடுத்தார். குழந்தை மறுக்காமல் குடித்தது. குளிர் வந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடி குடித்தது. மறுபடி குளிர் வந்தது. ஒவ்வொரு குளிருக்கும் அவள் உடம்பு கரைந்துகொண்டே போனது.

அரசன் அமைச்சர்களைக் கூட்டினான். "மரத்துக்கு இன்னும் என்ன வேண்டும்? கேட்டுச் சொல்லுங்கள்" என்றான். அவர்கள் கூடிப் பேசி, அடிமரத்துக்குப் பொன்தகடு போர்த்துவது என்று முடிவு செய்தார்கள். தட்டார்கள் தகடு தட்ட உட்கார்ந்தார்கள். தகடு ஒட்டி நிற்கும்படி அடிமரத்தை வழித்துச் சுத்தம் செய்து வைக்கும்படி ஆதனுக்கு உத்தரவு வந்தது.

அவன் ஈரத்துணியோடு மதில் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது.

வாசலுக்கு வெளியே ஆடு மேய்க்கிற எயினி நின்றாள். அவளுக்கு வாய் நீளம் என்று நாடே அறியும்.

"தம்பி, என் ஆடு ஒண்ணு உங்க சாமிகிட்ட போயிருச்சு. திட்டாம திருப்பிக் கொடுத்திரு."

"இவ்வளவு பெரிய மதிலை எப்படித் தாண்டுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவுக்கு வெளியே நின்னு கெஞ்சுறேன். அது என்னைக் கேக்காமலே போயிருச்சு. எங்க ரெண்டு பேர்ல அதுதான் கெட்டிக்காரி."

ஆதன் ஆட்டின் கொம்பைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. வழவழத்த அந்தப் பட்டையைப் பல்லால் உரித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"என்னக்கா இது, இப்படித் தின்னுது?"

"அதான் எனக்கும் புரியல. முன்னெல்லாம் இந்த மரத்துல ஒரு கடிதான் கடிக்கும். தும்மிட்டு ஓடியாந்துரும். இப்ப பாரு, கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரி தின்னுது. மேலே பாறைச் சரிவுல இதே மரம் ஒண்ணு கூனிப்போய் நிக்குது. அதை இதுங்க இப்பல்லாம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. உங்க மரம்தான் ருசியாம்." பிறகு ஆதனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சரி சரி, அரசர்கிட்டச் சொல்லிராதே. பாவம், வாயில்லாத ஜீவன்."

ஆதன் ஆட்டை இழுத்து அவளிடம் விட்டான். கதவைச் சாத்தினான். ஆடு கடித்த இடத்தில் ஒரு துண்டுப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான்.

வாழைத்தண்டை மென்றதுபோல் இருந்தது. சாறு நிறைய இருந்தது. கசப்பு எங்கோ தொலைவில், நினைவுபடுத்திக்கொண்டால் வருகிற மாதிரி இருந்தது.

அவன் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுப் பாறைச் சரிவில் ஏறினான்.

எயினி சொன்ன மரம் ஒரு பாறை வெடிப்பில் நின்றது. நிமிர்ந்தால் ஆதன் உயரம்தான் இருக்கும், நிமிரவில்லை. காற்று அதை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தது. இலைகளில் முழு இலை ஒன்றுகூட இல்லை. ஆடு கடித்த தழும்பும், பூச்சி துளைத்த புண்ணும், அவற்றைச் சுற்றி மரமே கட்டிக்கொண்ட கரணையும் முடிச்சுமாக அதன் பட்டை சொறசொறத்துக் கிடந்தது. ஆதன் நகத்தால் ஒரு துளி சுரண்டி நாக்கில் வைத்தான்.

கசப்பு நாக்கில் தொடங்கித் தொண்டையில் இறங்கிக் காதுவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பிய பிறகும் அது போகவில்லை.

அவன் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் பூந்தோட்டக்காரன். மல்லிகையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. தண்ணீரை நிறுத்தி, இலையை உருவி, கொஞ்சம் வாடவிட்டால்தான் மல்லிகை மொட்டு வைக்கும். செல்லம் கொடுத்துத் தண்ணீர் விட்டால் வெறும் இலையாகத் தழைக்கும். இதை எத்தனையோ பேருக்கு அவனே சொல்லியிருக்கிறான். இந்த மரத்தின் முன்னால் வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. காவல்மரம் என்று சொன்ன பிறகு அதை யாரும் மரமாகப் பார்க்கவில்லை.

இப்போது புரிந்தது. அந்தக் கசப்பை மரம் மனிதர்களுக்காகச் செய்யவில்லை. கடிக்க வருகிற ஆட்டுக்காகவும், துளைக்க வருகிற பூச்சிக்காகவும், தீய்க்க வருகிற வெயிலுக்காகவும் மரம் தனக்குத் தானே செய்துகொண்ட காவல் அது. அதில் ஒரு துளியை மனிதர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆட்டைத் தடுத்தாயிற்று, பூச்சியைப் பொறுக்கியாயிற்று, வெயிலை மறைத்தாயிற்று. பிறகு மரம் யாரை எதிர்த்து, எதற்காகக் கசக்க வேண்டும்?

"கசக்கவே இல்லையே" என்று செள்ளை கேட்டது மறுபடி அவன் காதில் விழுந்தது. அவன் எழுந்து, கத்தியை எடுத்து, கூனல் மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பட்டை சீவி மடியில் கட்டிக்கொண்டான்.

இனிதான் சோதனை. அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிடலாம். காவல்மரத்தைப் பழித்துப் பேசினால் தலை போகும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சொல்லாவிட்டால் குழந்தையின் உயிர் போகும். மறுநாள் அவளுக்குக் குளிர் வரும் நாள்.

ஆதன் அன்றைக்கே அரண்மனைக்குப் போனான். மருத்துவரிடம் பட்டையைக் கொடுத்தான். அவர் ஒரு துண்டு மென்றார். துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு வருகிற பட்டையை நான் காய்ச்சினேன். வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்றார்கள். பார்க்கவில்லை" என்றார். "நானும்தான் ஐயா" என்றான் ஆதன். இருவரும் சேர்ந்து காய்ச்சினார்கள்.

சபையில் அரசன் முன்னால் ஆதன் மூன்று கிண்ணங்களை வைத்தான்.

"அரசே, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்."

"என் மகள் சாகக் கிடக்கிறாள். நீ விளையாட்டுக் காட்டுகிறாயா?"

"அதற்காகத்தான் வந்தேன் அரசே."

அரசன் கண்ணை மூடினான். முதல் கிண்ணத்தைக் குடித்தான். "தண்ணீர்" என்றான். இரண்டாவதைக் குடித்தான். "இதுவும் தண்ணீர்தான். கீரை அலசிய தண்ணீர்" என்றான். மூன்றாவதைக் குடித்தான்.

குடித்த வேகத்தில் துப்பினான். இருமினான். முகம் கோணிப்போயிற்று. சபை எழுந்துவிட்டது. "நஞ்சு, நஞ்சு" என்றார் ஓர் அமைச்சர். காவலர் ஆதனின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள்.

அரசன் கையை உயர்த்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "விடுங்கள் அவனை" என்றான். "எனக்கு இது தெரியும். அன்றைக்கு நான் குடித்தது இதுதான்."

"ஆம் அரசே. இது பாறைமேல் நிற்கிற கூனல் மரம். யாரும் அதற்குத் தண்ணீர் விட்டதில்லை."

"அப்படியானால் அந்த இரண்டாவது?"

"அது நம் காவல்மரம்."

 அமைச்சர் மெல்லச் சொன்னார். "காவல்மரத்தைக் கீரைத்தண்ணீர் என்கிறான்."

"நான் சொல்லவில்லை ஐயா. அரசர் சொன்னார்" என்றான் ஆதன்.

அரசன் அவனை உற்றுப் பார்த்தான். "ஆதா, நீ சொல்வது பொய்யாக இருந்து, என் மகளுக்கு ஏதாவது ஆனால்?"

"என் தலையை வெட்டி அந்த மரத்தடியில் புதைத்துவிடுங்கள். ஆனால் அதுகூட மரத்துக்கு நல்லதில்லை அரசே. அங்கே ஏற்கனவே எரு அதிகம்."

வேண்மாளுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். அவள் முதல் வாயைத் துப்பினாள். "இந்த ஆள் என்னைக் கொல்லப் பாக்குறான்" என்றாள். காய்ச்சல் கண்ட நாள்முதல் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அப்போதுதான். மருத்துவர் மூக்கைப் பிடித்து மறுபடி ஊற்றினார். குளிர் வந்தது, ஆனால் சீக்கிரம் போயிற்று. அடுத்த முறை வெறும் சிலிர்ப்போடு நின்றது. அதற்கு அடுத்த முறை வரவே இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சியும் மாவடுவும் கேட்டாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆதனும் அப்படித்தான் நினைத்தான்.

குழந்தை நடமாடத் தொடங்கிய வாரத்தில், பாறைச் சரிவில் மேளச் சத்தம் கேட்டது. ஆதன் ஓடிப்போய்ப் பார்த்தான். அரசன் நின்றுகொண்டிருந்தான். முரசு வந்திருந்தது. கொத்தர்கள் கூனல் மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"வா ஆதா. இதுதான் உண்மையான காவல்மரம்" என்றான் அரசன் மகிழ்ச்சியோடு. "போனதைவிடப் பெரிய மதில். கால்வாயை இங்கே திருப்பிவிடலாம். பார்த்துக்கொள்ள நீ இருக்கிறாய்."

ஆதன் கொத்தர்களின் கயிற்றைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்து கத்தியை எடுத்து அரசனிடம் நீட்டினான்.

"எதற்கு இது?"

"மதில் கட்டுவதற்கு முன்னால் இதன் பட்டையை எல்லாம் உரித்து வைத்துக்கொள்ளுங்கள் அரசே. இனிமேல் கிடைக்காது."

அரசனின் முகம் மாறியது. கொத்தர்கள் கயிற்றைத் தளர்த்தினார்கள்.

"என் மகளைக் காத்த மரத்துக்கு நான் ஒன்றும் செய்யக் கூடாது என்கிறாயா? நன்றி கெட்டவன் என்று என்னைப் பேச மாட்டார்களா?"

"செய்யலாம் அரசே. கீழே இருக்கிற மரத்துக்குக் கொடுத்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு எதையும் கொடுக்காதீர்கள். நான்தான் பட்டை சீவ வேண்டும், நோயாளி தவிர யாரும் வாயில் வைக்கக் கூடாது என்ற சட்டங்களை மட்டும் நீக்கிவிடுங்கள். காய்ச்சல் வந்தவன் எவனாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் ஒரு கையளவு சீவிக்கொண்டு போகட்டும். அதற்கு இந்த மரங்கள் பழகியிருக்கின்றன."

"காவல்மரத்தடியில் ஆடு படுத்திருந்தால் பக்கத்து நாட்டு அரசர்கள் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும். அவர்கள் நாட்டிலும் மழை பெய்யும். காய்ச்சல் வந்தால் இங்கேதான் ஆள் அனுப்புவார்கள்."

அரசன் கூனல் மரத்தைப் பார்த்தான். கீழே மேட்டில் பந்தலுக்கு அடியில் மினுமினுத்து நின்ற பெரிய மரத்தைப் பார்த்தான். அவன் கை முரசின்மேல் இருந்தது. அந்தக் கையை அவன் எடுக்க வெகுநேரம் ஆயிற்று. காவல்மரம் இல்லாத அரசன் என்று பேர் எடுப்பது லேசான காரியமா? அவன் அப்பன் எடுத்ததில்லை. பாட்டன் எடுத்ததில்லை.

"உன் மனைவியும் இந்தக் காய்ச்சலில்தானே போனாள்?" என்று திடீரென்று கேட்டான்.

"ஆம் அரசே."

"உத்தரவு போட்டவன் நான்."

"இலையைத் துடைத்தவன் நான்."

 அரசன் கொத்தர்கள் பக்கம் திரும்பினான். "கயிற்றைச் சுருட்டுங்கள். கீழே போய் அந்த மதிலைப் பிரியுங்கள்" என்றான். முரசைத் தூக்கி வந்தவர்கள் அதைத் திரும்ப அரண்மனைக்கே தூக்கிப் போனார்கள்.

மதில் இறங்கியது. கால்வாயை அடைத்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள். எயினியின் ஆடுகள்தான் முதலில் வந்தன. பின்னால் அவள் வந்தாள். "தம்பி, இந்தத் தடவை நான் கெஞ்ச வேண்டியதில்லையே?" என்று கேட்டாள். "இல்லக்கா. ஒரே நாள்ல தின்னு தீத்துறாம பாத்துக்க" என்றான் ஆதன்.

முதல் கோடை கொடுமையாக இருந்தது. இவ்வளவு நாளாகத் தண்ணீருக்கு அலையாத வேர்களுக்கு ஆழமாகப் போகத் தெரியவில்லை. இலைகள் பழுத்துக் கொட்டின. கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக வந்தன. கிளைகள் சில பட்டுப்போயின. ஊரார் வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். "ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன?" என்று கேட்டார்கள். ஆதன் தினமும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டான். அவன் கைகள் குடத்தைத் தேடின. அவற்றை மடியில் கோத்து வைத்துக்கொண்டான். அவன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுபோலக் கடினமான வேலை இன்னொன்று இல்லை.

மழை வந்தது. காய்ச்சல் வந்தது. அந்த ஆண்டும், அடுத்த ஆண்டும் கூனல் மரத்தின் பட்டையை அளந்து அளந்து கொடுத்துச் சமாளித்தார்கள். எல்லோருக்கும் போதவில்லை. சிலர் போனார்கள். கெடுத்தது ஒரு பருவத்தில் சரியாகிவிடவில்லை என்பதையும் கதையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெல்ல மெல்ல, பெரிய மரத்தின் பட்டை தடித்தது. வழவழப்புப் போய்ச் சொறசொறப்பு வந்தது. ஆடுகள் கடித்த இடங்களில் முடிச்சு விழுந்தது. ஒருநாள் ஓர் ஆடு வந்து ஒரு வாய் கடித்தது. தும்மியது. தலையை உதறிக்கொண்டு நடந்துபோயிற்று. ஆதன் எழுந்து போய், அது கடித்த இடத்தில் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போனான். செள்ளை போன பிறகு அவன் பொழுதோடு வீடு திரும்பியது அன்றைக்குத்தான்.

பின்னாளில் அவன் பல இடங்களில் ஏழிலைப்பாலைக் கன்று நட்டான். கன்றாக இருக்கும்வரை முள்வேலி கட்டினான். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்ததும் தன் கையாலேயே வேலியைப் பிரித்தான். சிலர் காரணம் கேட்டார்கள். "கன்றுக்கு வேலி வேணும். மரத்துக்கு வேண்டாம்" என்பான். அதற்குமேல் விளக்கம் சொல்ல மாட்டான்.

பெரியவர்களே, பிள்ளைகளே, கதையின் நீதி இதுதான்: ஓர் உயிருக்கு எந்தத் துன்பமும் நேராமல் நாமே தடுத்துக்கொண்டிருந்தால், துன்பத்தை எதிர்க்க அது தனக்குள் வளர்த்துக்கொண்ட வலிமையும், அதனால் பிறருக்குக் கிடைத்துவந்த நன்மையும் சேர்ந்தே போய்விடும்.

அரசனும் போனான், ஆதனும் போனான், கல்லாற்று நாடு என்ற பெயரும் போயிற்று. அந்த மேட்டில் மதில் இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது, மரத்தின் பட்டையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன.